இரண்டு பிள்ளைகள் என்று சொன்னேன்

திருப்பதியில் ஒரு டாக்டரிடம் எனக்கு இரண்டு பிள்ளைகள் என்று சொன்னேன். உண்மையில் கல்யாணமாகி ஆறு வருஷமாக எங்களுக்குக் குழந்தை இல்லை.

ஆந்திர எல்லைக்குள், சத்தியவேட்டுக்குப் பக்கத்து ஊர் எங்களுடையது. ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் எனக்கு ஷிப்ட் வேலை. ஆறு வருஷமும் ஆஸ்பத்திரிக்கு அலைந்தது என் மனைவி மட்டும்தான். ஸ்கேன், ரத்தம், கருக்குழாய் டெஸ்ட் எல்லாம் அவளுக்கே. அவளுடைய அக்கா சித்தூரில் இருந்ததால் அங்கே ஒரு லேடி டாக்டரிடம் காட்டிக்கொண்டிருந்தாள். நானும் கூடப் போவேன், கேட் வரைக்கும். வீட்டுக்காரரையும் டெஸ்ட் பண்ண வேண்டும் என்று அந்த டாக்டர் ஒவ்வொரு தடவையும் சொல்லி அனுப்புவார். டெஸ்டுக்கு மட்டும் எனக்கு ஒவ்வொரு தடவையும் லீவு கிடைக்காது.

உடம்பில் ஏதோ சரியில்லை என்று எனக்குத் தெரிந்தே இருந்தது. கம்பெனி பஸ்ஸில் ஏறினால் தூக்கம், இறங்கினாலும் தூக்கம். மனைவி பக்கத்தில் வந்து படுத்தால் ஷிப்ட் அலுப்பு என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வேன். அலுப்பெல்லாம் இல்லை, ஆசையே வரவில்லை. முப்பத்தைந்து வயதில் அதைப் போய் யாரிடம் சொல்வது?

கடைசியில் யாருக்கும் தெரியாமல் திருப்பதிக்குப் போனேன். அந்தக் கூட்டத்தில் மொட்டையோடு மொட்டையாகக் கலந்துவிடலாம், என்னை யார் தேடப்போகிறார்கள் என்று நினைப்பு. காலையில் வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்தார்கள். இன்னொரு நாள் வரச்சொல்லி மறுபடியும் எடுத்தார்கள். டெஸ்டோஸ்டிரோன் ரொம்பக் குறைவாக இருந்தது. தைராய்டு, சர்க்கரை மாதிரி இதுவும் ஒரு குறைதான், வெட்கப்பட ஒன்றுமில்லை, ஊசி போட்டால் சரியாகிவிடும் என்று டாக்டர் தெலுங்கில் சொன்னார். எனக்கு அழுகை வரும்போல் இருந்தது. அப்போது பார்த்து என் சீட்டை வாங்கிப் பார்த்த கம்பவுண்டர், முகமெல்லாம் சிரிப்பாகத் தமிழில் ஆரம்பித்தார்.

"சத்தியவேடு பக்கமா? நமக்கு விஜயபுரம். எங்க அக்காவ உங்க ஊர்லதான் குடுத்துக்கீறோம்."

டாக்டர் நிமிராமல் கேட்டார், "பிள்ளலு எந்தமந்தி?" பிள்ளைகள் எத்தனை பேர் என்று. கம்பவுண்டர் நகரவில்லை. இல்லை என்று சொன்னால் இந்த ஊசியும் அந்தக் குறையும் ஒன்றாக முடிச்சுப் போட்டு எங்கள் தெருவுக்கு வந்து சேரும்.

"இத்தரு" என்றேன். இரண்டு பேர்.

"அயித்தே ப்ராப்ளம் லேது", அப்படியானால் பிரச்சினை இல்லை என்று டாக்டர் எழுத ஆரம்பித்தார். இல்லாவிட்டால் என்ன ப்ராப்ளம் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. "பசங்க எந்த இஸ்கூலு?" என்று கம்பவுண்டர் கேட்டதற்கு ஒரு கான்வென்ட் பெயரைச் சொன்னேன். கொஞ்சமும் நாக்கு கூசவில்லை.

மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி. வீட்டில் சத்து ஊசி என்று சொல்லிவைத்தேன். இரண்டு மாதத்தில் உடம்பு தெளிந்தது. பஸ்ஸில் தூங்குவது நின்றது. சுவர்ப்பக்கம் திரும்புவதும் நின்றது. "இன்னா, ஐயா புது மாப்புள்ள ஆயிட்டாரு?" என்று மனைவி கேலி செய்வாள். அவள் அப்படிச் சிரித்து எவ்வளவோ நாளாகியிருந்தது.

ஆடி மாதம் என் அம்மா அவளை அம்மன் கோயிலுக்கு அழைத்துப்போய் மண்சோறு சாப்பிட வைத்தாள். பிள்ளை வரம் கேட்கிறவர்கள், இலையில்லாமல் கழுவிய தரையில் போட்ட சோற்றை, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாயாலேயே எடுத்துத் தின்ன வேண்டும். அவள் ஒரு பருக்கை விடாமல் தின்றாள். முந்தின நாள்தான் நான் ஐந்தாவது ஊசி போட்டுக்கொண்டு வந்திருந்தேன்.

அதற்குப் பிறகு சித்தூர் டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார், வீட்டுக்காரர் வராமல் இனி மருந்து எழுத மாட்டேன் என்று. இப்போதுதான் உடம்பு நன்றாக இருக்கிறதே என்ற தைரியத்தில் போனேன். ரிப்போர்ட்டில் விந்தணு ஒன்றுகூட இல்லை.

"ஏதாவது ஊசி போட்டுக்கிறீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"சத்து ஊசிதான் மேடம்" என்று மனைவி எனக்காகப் பதில் சொன்னாள்.

என் பர்சில் இருந்த சீட்டை வாங்கிப் படித்ததும் டாக்டரின் முகம் மாறியது. இந்த ஊசி ஆசையைக் கொடுக்கும், பலத்தைக் கொடுக்கும், ஆனால் விந்தணு உற்பத்தியை நிறுத்திவிடும் என்றார். "குழந்தை இருக்கான்னு அங்க கேக்கலையா?"

"கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

மனைவியைப் பார்க்காமல்தான் சொன்னேன். அந்த அறையை விட்டு எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது. ஊசியை நிறுத்தச் சொல்லி, டாக்டர் வேறொரு ஊசி எழுதினார். மாதக்கணக்கில் போட வேண்டும், பெரும்பாலும் அணு திரும்பிவிடும் என்றார்.

பஸ் புத்தூரைத் தாண்டியது. அப்புறம்தான் அவள் மெதுவாகக் கேட்டாள், "ரெண்டுமே பையன்னு சொன்னீங்களா?" கேலி இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக அம்மா பிடித்துக்கொண்டாள். "இன்னா சொன்னாங்கோ? இவளுக்கு இன்னாதான் கொறையாம்?" நான் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்க நிறைய நேரம் இருந்தது.

"எனக்கு ஊசி போட்டுக்கினு வரணுமாம் அத்த. போட்டா சரியாப் பூடுமாம்" என்றாள் மனைவி.

இப்போது ஊசி மருந்து ஃபிரிட்ஜில் இருக்கிறது, அவளுடையது என்ற பெயரில். அம்மா அதன் பக்கத்தில் மோர்ச் சொம்பைக்கூட வைப்பதில்லை. வாரத்தில் இரண்டு நாள் அறைக் கதவைச் சாத்திக்கொள்வோம். நான் சட்டையைத் தூக்கிப் பிடிக்க, அவள் என் தொப்புளுக்குப் பக்கத்தில் குத்திப் பஞ்சை வைத்து அழுத்துவாள். போன வாரம் கதவுக்கு வெளியே அம்மாவின் குரல் கேட்டது. இத்தனை வருஷத்தில் மருமகளிடம் அம்மா அவ்வளவு ஆதரவாகப் பேசி நான் கேட்டதில்லை.

"ரொம்ப வலிக்குதாம்மா?"

"இல்ல அத்த, பழகிப்போச்சி" என்றாள் அவள், என் வயிற்றிலிருந்து கையை எடுக்காமல்.