வளையல் கடையில் கேட்காத மன்னிப்பு

பொன்மலையில் எங்கள் பக்கத்து வீட்டுத் தோழி வசந்தியும் நானும் போன மாதம் லீவு போட்டு ஊர் சுற்றினோம். காலையில் பௌலிங் சென்டரில் கனமான பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் விளையாட்டு. பந்தை உருட்டிவிட்டுச் சிரித்ததில் வயிறே வலித்தது. பிறகு மலைக்கோட்டைக் கடைவீதிக்கு வளையல் வாங்கப் போனோம்.

கடைப்பெண் வளையலைப் போட்டுவிட்டதும் வசந்தி கத்தினாள். "என் மோதிரத்தைக் காணோம். இவதான் கையைப் பிடிச்சா." நான் தடுத்தும் கேட்கவில்லை. முதலாளி எல்லோர் முன்னாலும் அந்தப் பெண்ணின் பையைக் கொட்டச் சொன்னார். தயிர்சாத டப்பாவைக்கூடத் திறந்து காட்டினாள் பாவம்.

அப்போது பௌலிங் சென்டரிலிருந்து, நான் அங்கே கொடுத்திருந்த நம்பருக்குப் போன் வந்தது. "மேடம், நீங்க விளையாடின பந்தோட விரல் ஓட்டையில ஒரு மோதிரம் மாட்டியிருக்கு."

"அப்பாடா, வா போகலாம்" என்று வசந்தி படியிறங்கிவிட்டாள்.

"அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை சொல்லுடி."

"அதான் கிடைச்சிருச்சுல்ல, இன்னும் என்ன?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான்தான் திரும்பிப் போய் மன்னிப்புக் கேட்டேன். அந்தப் பெண் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் டப்பாவை மூடிக்கொண்டிருந்தாள்.

இப்போதெல்லாம் வெளியே கிளம்பும்போது என் மோதிரத்தைக் கழற்றிப் பீரோவில் வைத்துவிடுகிறேன். வசந்தி கூப்பிட்டால், "முதல்ல அந்தக் கடைக்குப் போவோம், அப்புறம் சுத்தலாம்" என்கிறேன். அவளுக்கு இன்னும் நேரம் கிடைக்கவில்லையாம்.