வாய் திறக்காதவரின் சைக்கிள் மணி

என் கணவர் பஹீம் ஒரு நாளைக்குப் பேசும் வார்த்தைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அக்குறணையில் ஒரு மருந்துக்கடையில் வேலை. அங்கே "சாப்பாட்டுக்குப் பொறகு" என்ற இரண்டே வார்த்தைகளில் பிழைப்பு ஓடுகிறது. பெட்ரோல் வரிசையில் நின்று வெறுத்துப்போய் மின்சார சைக்கிள் ஒன்று வாங்கினார். அதுவும் அவரைப் போலவே சத்தம் போடாது. ஜாடிக்கேற்ற மூடி.

அதன் வினை போன மாதம் தெரிந்தது. அலவத்துகொடையில் எங்கள் வீட்டிலிருந்து பள்ளிவாசலுக்கு இறங்கும் சரிவில், இவருக்கு முன்னால் நடந்து போனவர் இவருடைய சொந்த நானா, ஹபீல். அண்ணனும் தம்பியும் பேசி நான்கு வருஷம். மதிலைத் தாண்டி வந்த ஒரு ரம்புட்டான் கிளையை வெட்டியதுதான் காரணம், கேட்டால் சிரிப்பீர்கள். "நானா, தள்ளுங்கொ" என்று சொல்லியிருந்தால் போதும். இந்த மனிதர் சொல்லவில்லை. பிரேக்கைப் பிடித்தார், பிந்திவிட்டது. நானா தெருவோரச் சாக்கடைக் கானுக்குள் விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து, "மணி இல்லாததுதான் கொற" என்றார்.

"வாய் இல்லாததுதான் கொற" என்றேன் நான்.

எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கிற காரியமா இது? நானாவின் மகள் நப்லாவுக்கு அடுத்த மாதம் நிக்காஹ். இந்தச் சாச்சாவின் தோளில் வளர்ந்த பிள்ளை. இரண்டு பேரும் பேசாமல் நாங்கள் எந்த முகத்தோடு அந்த வீட்டுப் படி ஏறுவது?

சைக்கிளோடு வந்த மணி முதல் மழையிலேயே செத்துப்போயிருந்தது. கடையில் புது மணி கிடைக்கும். ஆனால் வாங்கினால் இவருடைய கெட்டித்தனம் என்னாவது? "எனக்குச் செய்ய ஏலும்" என்று சாப்பாட்டு மேசையைப் பிடித்துக்கொண்டார். முதல் மணிக்கு ஐந்து வோல்ட் போதுமாம். இவர் பேட்டரியின் நாற்பத்தெட்டு வோல்ட்டையும் அப்படியே ஊட்டினார். ஒரு கீச்சு, கொஞ்சம் புகை, என் மேசை விரிப்பில் ஒரு ஓட்டை. இரண்டாவது மணி வேலை செய்தது, காதோரம் ஒரு நுளம்பு ரீங்கரிக்கும் அளவுக்கு. மூன்றாவதற்கு, வோல்ட்டைக் குறைக்கும் சின்னப் பலகை ஒன்றை வாங்கி வந்தார். ஒலிபெருக்கியைக் களிம்பு டப்பாவுக்குள் அடக்கி, தண்ணீர் போகாமல் பசை பூசினார். சத்தம் தரும் உள்பாகம்தான் கிடைக்கவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எங்கள் வீட்டு வாசல் பெல்லைக் கழற்றி, அதன் குடலை உருவிப் பொருத்தினார்.

அந்த பெல் ட்ரிங் என்று அடிக்கிற சாதி இல்லை. கனத்த ஆண்குரலில் "அஸ்ஸலாமு அலைக்கும்" என்று சலாம் சொல்லும்.

மணி அடித்தால் ஆட்கள் ஒதுங்க வேண்டும். சலாம் கேட்டால் எங்கள் ஊரில் யார் ஒதுங்குவார்? பதில் சொல்வது கடமையாயிற்றே. நடுரோட்டில் நின்று, திரும்பி, பதிலை முழுதாகச் சொல்லி, "எங்க போற, பஹீம்? ஊட்ல எல்லாரும் சொகமா?" என்று விசாரிப்பார்கள். இருபது நிமிஷப் பயணம் ஒரு மணித்தியாலமானது. முதலாளி முகத்தைச் சுளித்தார். கழற்றச் சொன்னேன். "பாப்பம்" என்றார். நாலு பேர் நின்று சுகம் விசாரிப்பது இந்த ஊமைக்கோட்டானுக்குப் பிடித்துப்போயிருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு அதே சரிவில் இறங்கினார். முன்னால் நானா, மீன் பையோடு. இவருடைய விரல் தன்பாட்டில் பொத்தானை அமுக்கிவிட்டது.

சலாம் கேட்டு நானா நின்றார். "வஅலைக்கும் ஸலாம் வரஹ்மதுல்லாஹ்" என்று சொல்லிக்கொண்டே திரும்பியவர், ஆளைக் கண்டதும் முகத்தை இறுக்கினார். சொன்ன பதிலைத் திருப்பி எடுக்க முடியுமா?

"சைக்கிளுக்குத்தான் சொன்ன" என்றார், என்னைப் பார்த்து.

நான் இவருடைய முதுகில் கிள்ளினேன். வாயைத் திறப்பார் என்று பார்த்தால், மறுபடியும் பொத்தானை அமுக்கினார். நானா பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொன்னார். இவர் மூன்றாம் தடவையும் அமுக்கினார். எனக்கு இறங்கி ஓடிவிடலாம் போல இருந்தது.

மூன்றாவது சலாமுக்குப் பதில் சொல்லும்போது நானாவின் குரல் உடைந்தது.

"நாலு வருஷம், பஹீம். அந்தப் பொத்தான உடு. சாச்சா வருவாரா எண்டு நப்லா ஒவ்வொரு நாளும் கேக்கிற. நான் என்னத்தச் சொல்ற?"

இவர் சைக்கிளை விட்டு இறங்கினார். தொண்டையைச் செருமினார்.

"வாரேன், நானா" என்றார்.

அதற்கு மேல் கண்ணீர்தான் வந்தது, எனக்கும்தான். நானா ஓரமாக ஒதுங்கி வழி விட்டார். இவர் ஏறிப் போகவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நானாவின் பக்கத்திலேயே நடந்தார்.