ஆடு கவாத்துச் செய்த மல்லிகை

என் வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் கிளார்க் வேலை. மனசு முழுக்கத் தோட்டத்தில். தண்ணீர்மலைச் சாலையில் எங்கள் வீட்டைச் சுற்றிச் செம்பருத்தி வேலி, வாசலில் ஒரு குண்டுமல்லி. ஞாயிற்றுக்கிழமை வந்தால் கத்திரியும் கையுமாக இறங்கிவிடுவார். நான் முழுகாமல் இருக்கிறேன் என்று தெரிந்த அன்றைக்கே அந்தக் கத்திரிக்கு வந்தது வினை.

“வீட்டுல புள்ளத்தாச்சி இருக்கறப்போ செடி கொடியில கத்தி படக் கூடாது. அதுவும் புருஷன்காரன் தொடவே கூடாது,” என்றார் எங்களோடு இருந்த என் நாத்தனார். இவருக்கு அக்கா. கத்திரியைத் துணியில் சுற்றி அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்தும் வைத்துவிட்டார்.

வெட்ட முடியாத ஆத்திரத்தை எல்லாம் மனிதர் எருக்குழியில் காட்டினார். வாழைத்தோல், மீன் செதில், காய்ந்த இலை என்று கண்ணில் பட்டதெல்லாம் உள்ளே போனது. ஆறட்டும் என்று நான் வைத்திருந்த தேநீரைக்கூட ஒருநாள் கொண்டுபோய் ஊற்றிவிட்டார். வேலியோ ஏறிக்கொண்டே போனது. ஆபீசுக்குக் குனிந்துதான் கிளம்புவார். அப்படியும் செம்பருத்தி தொப்பியைப் பிடுங்கிக்கொள்ளும்.

எனக்குக் கவலை வேலியைப் பற்றி இல்லை, மல்லிகையைப் பற்றி. இந்த ஊருக்கு வர நான் கப்பல் ஏறும்போது அம்மா ஈரச் சாக்கில் சுற்றிக் கொடுத்த பதியன் அது. வளைகாப்புக்கு அம்மாவால் கடல் தாண்டி வர முடியாது. அந்தச் செடியின் பூவாவது என் தலையில் இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக ஆசைப்பட்டேன். கிளையை வெட்டிக் கவாத்துச் செய்தால்தானே தளிர் விட்டுப் பூக்கும்? அதுவோ வெறும் இலையாகச் சோம்பிக் கிடந்தது.

“நான் ரெண்டு கிளை வெட்டட்டுமா அண்ணி?”

“வயித்தைத் தள்ளிக்கிட்டு நீயா? சும்மா இரு லா!” இந்த ஊர்ப் பேச்சில் வால் மாதிரி ஒரு ‘லா’ ஒட்டிக்கொண்டே வரும்.

பின்வீட்டு பாய் ஓர் ஆடு வளர்த்தார். ஒரு மத்தியானம் நாத்தனார் கண்ணயர்ந்த நேரம் பார்த்து எங்கள் வேலிப் படலைத் திறந்துவிட்டேன். கத்தி படக் கூடாது என்றுதானே பேச்சு. பல் படக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஆடு உள்ளே வந்து மல்லிகையைக் கூச்சப்படாமல் சாப்பிட்டது. பாதிச் செடி மொட்டையானபோது நாத்தனார் எழுந்து வந்து துரத்தினார். திறந்திருந்த படலைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், படலைச் சாத்திவிட்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் எட்டிப் பார்க்கிறேன், அதே ஆடு செடியின் மறுபக்கத்தை மேய்ந்துகொண்டிருக்கிறது. கயிற்றைப் பிடித்தபடி நாத்தனார்.

“ஒரு பக்கம் மட்டும் தின்னா ஒழுங்காவா பூக்கும்? என்கிட்ட சொல்லியிருந்தா நேத்தே நானே புடிச்சிட்டு வந்திருப்பேன் லா.”

மாலையில் வந்த இவர் மொட்டைச் செடியைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு தரையெல்லாம் கிடந்த புழுக்கையைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. கூடையைத் தேடிக்கொண்டு கொல்லைக்கு ஓடினார்.

வளைகாப்பன்று மல்லிகை வெள்ளை வெளேரென்று பூத்திருந்தது. “யாரு லா இவ்வளவு அழகா கவாத்து செஞ்சது?” என்று வந்த பெண்கள் கேட்டார்கள். நானும் நாத்தனாரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் சிரிப்பை அடக்கிக்கொண்டோம்.

தாமே தொடுத்த சரத்தை நாத்தனார் என் தலையில் வைத்தார். எதற்காக நான் படலைத் திறந்தேன் என்று அவரிடம் சொன்னதே இல்லை.

“ஒங்கம்மாதான் வந்தாச்சே,” என்றார் காதோரமாக. “இன்னும் என்ன அழுகை?”

நன்றாகவே அழுதேன்.