மழை அளக்கும் கப்பு

கொழும்பில் என் வேலையே மழைக்குப் பயப்படுவதுதான். மாநகரத்தை வெள்ளத்திலிருந்து காக்கும் திட்டத்தில் வரைபடம் போடுகிறேன். எந்தச் சதுப்பு நிலத்தை மூடவிடக் கூடாது, எந்தக் கால்வாயைத் தோண்ட வேண்டும், எந்தத் தெருவில், ஒழுங்கையில் முதலில் தண்ணீர் ஏறும், எல்லாம் அதில் இருக்கும். எங்கள் கேகாலை மலைகளும் உண்டு, மேல் ஓரத்தில் ஒரு நீல அம்புக்குறியாக. அங்கே பெய்வது களனி ஆற்றில் இறங்கி இங்கே வரும். அவ்வளவுதான் அந்தப் படத்தில் எங்களுக்குள்ள மரியாதை.

மலையில் எவ்வளவு பெய்கிறது என்று அளந்து சொல்ல ஆள் தேடினார்கள். அக்காவின் பெயரைக் கொடுத்தவள் நான். அவளும் மச்சானும் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர்கள். அவர்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் மலை செங்குத்தாக நிற்கும். மழை அளக்க, உள்ளிருப்பது வெளியே தெரியும் ஒரு பிளாஸ்டிக் கப்பைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். லயத்தைத் தாண்டியிருந்த மேட்டில் மச்சான் ஒரு கம்பு நட்டு, ரப்பர் மரத்தில் பால் பிடிக்கும் சிரட்டைக்குக் கட்டுவது போலவே கம்பி வளையம் கட்டி, அதில் கப்பை உட்கார வைத்தார். அலுவலகத்துக்கு எண் போதும். எனக்கு அக்கா வேண்டும். அதனால் கப்பில் நானே ஒரு சிவப்புக் கோடு போட்டேன்.

"தண்ணி இந்தக் கோட்டுக்கு வந்திருச்சுன்னா எதையும் எடுக்காத. நேரா ரோட்டுக்கு அந்தப் பக்கம் பன்சலைக் கோயிலுக்குப் போயிரு."

"பெரிய ஆபீசர் சொல்லிட்டாங்க, கேக்காம இருப்போமா?" என்று சிரித்தாள்.

ஒரு வாரம்கூட ஆகவில்லை, மழை பிடித்துக்கொண்டது. அன்று மத்தியானம் அலுவலகம் அல்லோலகல்லோலப்பட்டது. பம்புகளை ஓடவிடு, சனங்கள் தங்கப் பாடசாலைகளைத் திறந்து வை என்று ஆளுக்கு ஆள் கத்தினார்கள். நடுவில் அக்காவுக்கு ஃபோன் போட்டேன். கூரைத் தகரத்தில் மழை கொட்டுகிற சத்தத்தில் அவள் குரலே சரியாகக் கேட்கவில்லை.

"கப்புல எவ்வளவு இருக்கு?"

"இரு, வாசல்ல இருந்து பாக்குறேன். கோட்டுக்கு வரலடி. காலியாட்டம் தெரியுது."

"பயமா இருந்தா போயிரேன்."

"கோட்டுக்கு வந்தா போறேன். நீதான சொன்ன?"

அப்பாடா என்றிருந்தது. கால்வாய்களுக்குத் திரும்பிவிட்டேன். பொழுது சாயுமுன் மலை சரிந்து லயத்தின் மேல் இறங்கிவிட்டது.

மச்சான் கடைக்குப் போயிருந்ததால் தப்பினார். அக்காவை மூன்றாம் நாள்தான் எடுத்தார்கள். அடக்கம் முடிந்து நானும் மச்சானும் போய்ப் பார்த்தோம். லயம் இருந்த இடத்தில் சேறுதான் கிடந்தது. மேட்டில் அந்தக் கம்பு மட்டும் நின்றது. வளையத்தில் கப்பு கவிழ்ந்திருந்தது.

"காலையில மழ தூத்துனதும் அவதான் கவுத்து வச்சா," என்றார் மச்சான். "நானும் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன். எனக்கும் ஒன்னும் தோணல."

மழை விழுந்தால் சிரட்டையைக் கவிழ்க்க வேண்டும். இல்லாவிட்டால் பாலில் தண்ணீர் சேரும், கங்காணி நாயே பேயே என்பார். அக்காவும் நானும் விவரம் தெரிந்த நாளிலிருந்து செய்த வேலை அது. அதே வளையம், அதே உயரம், மேலே மழை. கை யோசிக்குமா? மச்சானைத் திட்ட வாயெடுத்தேன், முடியவில்லை. படித்தவள் நான். அந்த வளையத்தைக் கண்டபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? காதில் அத்தனை மழை கொட்டியும் கப்பைத்தானே நம்பினேன், பாவி.

நகரத்தில் ஒரு உயிரும் போகவில்லை. அலுவலகத்தில் கைதட்டினார்களாம்.

கப்பை எடுத்துப் பார்த்தேன். உள்ளே சொட்டுத் தண்ணீர் இல்லை. சிவப்புக் கோடு போட்டபடியே இருந்தது. நிமிர்த்தி வளையத்தில் வைத்துவிட்டு அழுதுகொண்டு நின்றேன். தூறல் விழுந்தது. மச்சான் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நடந்தார், நானும் பின்னால் போனேன். நாலடி தள்ளித்தான் திரும்பிப் பார்த்தேன். கப்பு மறுபடி கவிழ்ந்திருந்தது. கவிழ்த்தது என் கைதான்.