அக்கா குடித்தது, நான் எழுதியது

என் பெரியம்மா மகள் சுற்றுலாப் பேருந்தில் பயணிகளோடு போய்வரும் வேலையில் இருக்கிறாள். வண்டி ஓர் ஊரில் இருபது நிமிடம் நிற்கும். அதற்குள் பெரிய கடைகளையெல்லாம் தாண்டிப் போய், பஞ்சர் ஒட்டுகிறவரிடமோ மீன் நறுக்கும் அம்மாவிடமோ, "விக்கிறத விடுங்க, நீங்க என்ன குடிப்பீங்க?" என்று கேட்பாள். அவர்கள் சிரித்துக்கொண்டே கைகாட்டும் இடத்தில் அந்த ஊருக்கே உரிய பானம் கிடைக்கும். ஓட்டுநர் அவளுக்கு 'ஒரு மடக்கு' என்று பெயர் வைத்திருக்கிறார். அதற்குமேல் எதையும் குடிக்கமாட்டாள். அடுத்த ஊருக்கு வயிற்றில் இடம் வேண்டுமாம்.

குடித்த கையோடு என்னைக் கைபேசியில் அழைப்பாள். அதே நிறுவனத்தில், ஜன்னல் திறக்காத ஓர் அறையில், பயணிகளுக்கான கையேட்டை இரண்டு மொழிகளில் எழுதுகிறவள் நான். "கசக்குதுடி, ஆனா நல்ல கசப்பு" என்பாள். அதை நான் எட்டு வரியாக்குவேன். அச்சில் அவள் படம் வரும்.

எங்கள் வீட்டுக்கு அவள் கொண்டுவரும் புட்டிகள் மூன்று நாள் வெயிலில் கிடந்து புளித்திருக்கும். அதையும் வாங்கிக் குடித்துவிட்டு அப்பா, "பொண்ணுன்னா இப்படி நாலு ஊர் பாக்கணும்" என்பார். நான் எழுதிய ஒரு பக்கத்தையும் அவர் புரட்டியதில்லை. குடிக்கிறவள் அவள், வயிறு எரிவது எனக்கு.

எட்டு ஊர்களுக்குப் புதிய வழித்தடம் வந்தது. முதல் ஊர் ஒரு துறைமுகம். கூடப் போக ஓர் ஆள்தான். அந்த வாரம் பார்த்து அக்காவுக்குக் கால் சுளுக்கியது. நான் மேலாளர் முன்னால் போய் நின்றேன்.

"நீயா?" என்று நிமிர்ந்தார். "சரி, துறைமுகத்துக்கு ஒரு தடவை போயிட்டு வந்து எழுது. நல்லா வந்தா எட்டு ஊரும் உனக்கு."

போனேன். வலை பின்னிக்கொண்டிருந்தவர் அருகே சென்று வாயைத் திறந்தேன். அவர் நிமிர்ந்து பார்த்ததும், "மணி என்னங்க?" என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன். என் கையில்தான் கடிகாரம் இருந்தது. எதிர்க் கடையில் 'எங்கள் ஊர்ச் சிறப்புப் பானம்' என்று பலகை தொங்கியது. அங்கே ஒரு கோப்பை வாங்கிக் குடித்தேன். வறுத்த கோதுமையின் மணம், எலுமிச்சைத் தோலின் மெல்லிய கசப்பு, கடைசியில் மிளகு. அப்படி ஒன்றை அதுவரை நான் குடித்ததே இல்லை. திரும்பும் வழியிலேயே எழுதி முடித்தேன். மேலாளர் படித்துவிட்டு, "வாய் ஊறுது" என்றார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அக்கா முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும் என்று பக்கத்தை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். வெந்நீர் வாளியில் காலை வைத்தபடி படித்தாள். பிறகு சிரித்தாள்.

"அடியே, இது மலையடி ஊர்ல நான் குடிச்சதுடி. போன வருஷம் நீதானே எழுதின!"

கையேட்டைப் புரட்டினோம். பதினோராம் பக்கத்தில் இருந்தது, என் வரிகளிலேயே. எங்கள் பயணி யாரோ விட்டுச்சென்ற கையேட்டைப் பார்த்துத்தான் துறைமுகக் கடைக்காரர் அந்தப் பானத்தைப் போட்டிருக்க வேண்டும். புளித்த புட்டியில் மட்டுமே அதை ருசித்திருந்த எனக்கு அடையாளம் தெரியவில்லை.

"நான் மேலாளர்கிட்ட மூச்சு விடமாட்டேன். நீயே போயிட்டு வா" என்றாள் அக்கா.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் பிச்சை போட்டு நான் போவதா? மறுநாள் மேலாளரிடம் நானே சொல்லிவிட்டேன்.

"அப்போ கால் சரியானதும் உங்க அக்காவே போகட்டும்" என்றார்.

அவள் பெட்டி கட்டும்போது நானும் இருந்தேன்.

"மலையடி ஊர்ல அது வெறும் தண்ணி மாதிரிதான்டி இருந்துச்சு" என்றாள், துணியை மடித்துக்கொண்டே. "நீ எழுதினதப் படிச்சப்புறம், இதையா குடிச்சோம்னு எனக்கே சந்தேகம் வந்துருச்சு. துறைமுகத்துல எப்படிப் போட்டிருந்தாங்க?"

"நல்லா இருந்துச்சு."

"ரொம்பவா?"

"ரொம்ப."

அவள் கை ஒரு கணம் ஜிப்பில் நின்றது. எனக்கு வயிறு குளிர்ந்தது.

"அப்போ முதல்ல அந்தக் கடைக்குத்தான் போகணும்" என்றாள்.

போவாள். அதற்கும் பேருந்து அவளுக்குத்தான் இருக்கிறது.