ஏணிக்குக் கீழே ஆண் கூலி

எங்கள் எஸ்டேட்டில் மிளகு பறிக்கக் கணவனும் மனைவியும் சோடியாகப் போவது வழக்கம். மிளகுக் கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் ஒற்றை மூங்கில் ஏணியைச் சாய்த்து ஆண் ஏறுவான். பெண் ஏணியைப் பிடித்துக்கொண்டு, உதிர்வதைப் பொறுக்குவாள். அவனுக்கு ஆண் கூலி, அவளுக்குக் குறைவான பெண் கூலி. உயிரைக் கொடுத்து ஏறுகிறவனுக்குக் கூடுதல் என்பார்கள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

போன வருடம் செம்மநத்தம் ரோட்டில் வண்டி சறுக்கி என் முழங்கால் கெட்டது. அந்தப் பறிப்புக்கு, சேலைமேல் என் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு என் மனைவி ஏறினாள். நான் கீழே நின்றேன். கூலி மட்டும் இடம் மாறவில்லை.

"ஏனுங்க, இப்ப யாரு உசுருங்க மேல தொங்குது?" என்று மரத்திலிருந்தே கேட்டாள்.

"கீழ நிக்கறவருக்கு மீசை இருக்குதுல்ல, அதுக்குத்தான் கூலி" என்றாள் பக்கத்து மரத்துக்காரி. எல்லோரும் சிரித்தோம். ஆனால் என் மனைவி விளையாட்டுக்குக் கேட்கவில்லை. "ரெண்டும் நம்ம ஊட்டுக்குத்தான் வருது, தெரியுமுங்க. ஆனா ஏறுனது நானு" என்றாள் அன்று சாயங்காலம்.

மேஸ்திரி அவளுடைய கூடப்பிறந்த அண்ணன். அவரிடம் சொன்னேன். "நியாயந்தானுங்க மாப்ள. மொதலாளி வர்றப்ப நீங்க வாயத் தொறங்க, நான் கூட நின்னு சொல்றேன்" என்றார்.

நான் நாலாம் வகுப்போடு நின்றவன். பெரிய மனிதர்கள் முன்னால் எனக்குப் பேச்சு வராது. மச்சான் இருக்கிறார் என்ற தைரியத்தில், முதலாளி வந்த அன்று மிளகு காயும் களத்துக்குப் போய், ஏறுகிற கூலியை அவளுக்குப் போடச் சொல்லி ஒருவழியாகக் கேட்டுவிட்டேன்.

முதலாளி மச்சானைப் பார்த்தார். "பொம்பளைய மரத்துல ஏத்துறியா? விழுந்தா யாரு பதில் சொல்றது?"

மச்சான் என் பக்கம் திரும்பவே இல்லை. "இல்லீங்கய்யா, இவருதானுங்க ஏறுறாரு. ஊட்டுல சொல்லிக் குடுத்ததக் கேட்டுட்டு வந்து பேசறாரு."

களத்தில் நின்ற ஆண்கள் சிரித்தார்கள். அவள் ஏறுவதைத் தினமும் பார்த்தவர்கள்தான். இனிப் பெண்கள் ஏணியில் கால் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு முதலாளி போனார்.

களத்தில் மிளகு கிளறிக்கொண்டிருந்த என் மனைவி நிமிர்ந்தாள். "அண்ணா, உச்சியில இன்னும் ரெண்டு கொத்து இருக்குது, பாத்துப் பறி கண்ணுன்னு நேத்து கீழ நின்னு கத்துனது நீங்கதானுங்களே?"

அவர் அவளைத் தாண்டி நடந்தார். என்னிடம்தான் வந்தார். "என் வேலை போயிருக்குமுங்க மாப்ள. உங்களுக்கென்ன நட்டம்? ஆண் கூலி வந்துட்டுத்தான இருக்குது?"

அந்தச் சொல்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மறுநாள் நான் ஏறினேன். பாதி ஏணிக்கு மேல் அந்தக் கெட்ட முழங்கால் மடங்கவில்லை. எட்டியதைப் பறித்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

"மேல நொம்ப இருக்குதுங்களே மாப்ள" என்று மச்சான் தூரத்திலிருந்து கத்தினார்.

அவள் ஏணியை விடவில்லை, அண்ணன் இருந்த பக்கம் பார்க்கவும் இல்லை. "ஏறத் தெரிஞ்சவள வேண்டாம்னுட்டாங்கல்ல? குருவி தின்னுட்டுப் போகட்டும்" என்றாள்.